அத்தான் காரும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

நாகர்கோவில்காரரிடம் வழி கேட்டிருக்கிறீர்களா? கிலோமீட்டர் கணக்கில் பதில் வராது. கையை நீட்டி, "அன்னா தெரியில்லா, அதுதான்!" என்பார். உங்களுக்கு ஒரு தென்னை மரம்தான் தெரியும். ஆனாலும் அவர் சொல்வது பொய்யில்லை. எங்கள் ஊரில் எல்லாமே 'அன்னா தெரியும்' தூரம்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,684 சதுர கிலோமீட்டர். அதற்குள் மலை, காடு, அணை, வயல், கடல் எல்லாம் போக, மிச்ச இடத்தில் ஜனங்கள். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100-க்கு மேல். தமிழ்நாட்டில் நெருக்கடியில் சென்னைக்கு அடுத்தது நாங்கள்தான். சென்னைக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். வாழைத் தோப்பும் குளமுமாகப் பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே, ஜனங்கள் எங்கே என்று. எல்லாரும் ரோட்டில் இருக்கிறார்கள் ஸார்!

நாகர்கோவிலில் ஆரம்பித்து மேற்கே களியக்காவிளை வரை போய்ப் பாருங்கள். ஒரு ஊர் முடிந்து இன்னொரு ஊர் ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பார்வதிபுரம் என்பார்கள், அதற்குள் சுங்கான்கடை வந்துவிடும். வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் என்று ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் மாதிரி ஊர்கள். மார்த்தாண்டத்தில் இரும்புப் பாலம் கட்டினார்கள். பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியர், இறங்கியதும் மறுபடி இரண்டாவது. அவ்வளவுதான் லாபம்.

இப்படிப்பட்ட ஊரில் என் அத்தான் டீசல் கார் வாங்கினார்.

அத்தான் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்க்கிறவர். வீடு வடசேரி. ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். மகன் பள்ளிக்கூடம் இரண்டு. கோட்டாறு சந்தை மூன்று. நாகராஜா கோவில் ஒன்று, அதையும் நடந்தால் புண்ணியம் கூடும். எல்லாவற்றுக்கும் கார்தான். "டீசல்லா மக்கா, ஓட ஓட மிச்சம்" என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தம் சரி. ஓடணுமே!

நான் பி.காம். படித்தவன். ஆகவே ஒரு சின்னக் கணக்கு. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. டீசல் விலையை அரசாங்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஊரே டீசல் கார் வாங்கியது. 2014 அக்டோபரில் அந்தக் கையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வித்தியாசம் பத்து ரூபாய்க்குள். ஒரே மாடலில் பெட்ரோலைவிட டீசல் வண்டிக்கு ஒரு லட்சம், ஒன்றே கால் லட்சம் கூடுதல் என்று வையுங்கள். அத்தான் வருஷத்துக்கு ஓட்டுவது ஐயாயிரம் கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் என்று தாராளமாகவே போட்டாலும் வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. போட்ட முதலை எடுக்கப் பதின்மூன்று, பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மகன் கல்யாணமே முடிந்துவிடும். அதிலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் எந்த வண்டியும் விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் தராது.

சரி, பணம்தான் மிச்சமாகவில்லை, போகட்டும். ஒரு நாள் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

விளக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் டீசல் எஞ்சினின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஒழுங்காக ஓட்டிக் காட்டியது நம் பீரோவைவிட உயரமான ஒரு ராட்சசன். அது காருக்காகப் பிறந்ததே இல்லை. மில், மின்சார நிலையம், கப்பல் என்று ஒருதடவை கிளப்பிவிட்டால் நாள் கணக்கில் நிற்காமல் ஓடும் இடங்களுக்குத்தான் முதலில் போனது. (பாவம், அவரே 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனார். அது தனிக் கதை.) விற்பனைக்கென்று வரிசையாக டீசல் கார் செய்து விட்டது 1936-ல்தான், மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி.

பெட்ரோல் வண்டியில் பிளக் பொறி தட்டிப் பற்ற வைக்கும். டீசலில் பொறி கிடையாது. காற்றை ஓர் அமுக்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். வீணாகும் சூடு குறைவு. அதனால்தான் மைலேஜ். அதே காரணத்தால் எஞ்சின் சூடாக நேரமும் பிடிக்கும். சிக்கனக்காரன் வீட்டில் அடுப்பு லேசில் சூடாகாது இல்லையா, அது போல.

அந்தக் காலத்து டீசல் அம்பாசடர் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. கரியா, இந்தா பிடி என்று பின்னால் வருகிற சைக்கிள்காரர் முகத்தில் ஊதிவிட்டுப் போனது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 விதி வந்தது. அதற்கு முன் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்தூள் விடலாம். இப்போது 4.5-தான். இந்தக் கணக்கைச் சரிக்கட்ட சைலன்ஸர் பாதையில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். டீசல் பர்ட்டிகுலேட் ஃபில்டர், சுருக்கமாக டி.பி.எஃப். தேன்கூடு மாதிரி துளைத் துளையாக இருக்கும். புகை நுழைந்து வெளியே போகும். கரி உள்ளேயே தங்கும்.

தங்கின கரி என்ன ஆகும்? எரிக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிற வண்டியில் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே எரிந்து போகும். போதாவிட்டால் வண்டியிலிருக்கும் கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, அந்தச் சூட்டை வரவழைத்துக்கொள்ளும். பத்து இருபது நிமிஷ வேலை.

அத்தான் வண்டி ஒரு தடவை ஓடுவதே ஏழு நிமிஷம்!

கம்ப்யூட்டர் பாவம், ஒவ்வொரு தடவையும் அடுப்பு மூட்டும். பற்றி வருவதற்குள் அத்தான் ஆபீஸ் வாசலில் சாவியைத் திருகி எடுத்துவிடுவார். நிறுத்திய பிறகும் உள்ளே ஃபேன் 'ஓ'வென்று சுற்றும், கருகிய வாடை வரும். "புது வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று ஆபீஸ் பியூன் சர்டிஃபிகேட் கொடுத்திருந்தார்.

இதைவிட வேடிக்கை ஆயில். அத்தான் மாதாமாதம் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பவர். "மாப்ள, எல்லாருக்கும் ஆயில் குறையும். நமக்குக் கூடுகு, கேட்டியா!" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். அமுதசுரபி கிடைத்த மணிமேகலைக்குக்கூட முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்திருக்காது. விஷயம் என்னவென்றால், கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. ஆயில் கூடவில்லை. ஆயிலில் டீசல் கூடியது. சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் பாத்திரம் நிறையும், ருசி? தண்ணியாய்ப் போன ஆயில் டர்போவையும் பேரிங்கையும் காப்பாற்றாது. டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான்.

மஞ்சள் விளக்கு எரிந்ததும் அத்தான் வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஏ.ஸி. அறையில் காப்பி கொடுத்து, கூடவே ஒரு எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள். "ஃபில்டரை மாத்திடறதுதான் ஸார் ஸேஃப்." கீழே தொகை: ஒரு லட்சத்துப் பதினான்காயிரம். காப்பி இலவசம்.

அத்தானிடம் அப்போது இருந்ததே ஒன்றரை லட்சம். மூத்தவளைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்க்க ஒதுக்கி வைத்த ஹாஸ்டல் பணம். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அக்கா தீயல் வைத்திருந்தாள். தீயலைத் தள்ளி வைக்கிற நாஞ்சில் நாட்டுக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு நலம்விரும்பி வந்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர்கள் தவறாமல் வருவார்கள். "எதுக்கு சார் லட்சம்? உள்ள இருக்கதைக் குடைஞ்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டி விட்டுருவான் நம்ம பய. பதினைஞ்சாயிரம். வண்டி குதிரை மாதிரி போகும்" என்றார். அத்தான் முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது.

அக்கா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "அந்தக் கரியெல்லாம் பொறவு எங்க போகும்?"

"அது காத்தில போயிரும்லா."

"அடுத்த வீட்டுப் பிள்ள ராத்திரியெல்லாம் இளைச்சுக்கிட்டுக் கெடக்கு. நாம துட்டு மிச்சம் பிடிக்க அது கரியைத் தின்னணுமா? காரை வேணும்னா வித்துருங்க. அதைச் செய்யாதீங்க."

நலம்விரும்பி அதன்பின் டீ குடிக்கவில்லை. அக்கா படித்தது பத்தாம் வகுப்பு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே பட்டியலில் சேர்த்த செய்தி அவளுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் இப்படி ஃபில்டரைக் குடைந்தெடுத்த வண்டியை 2014 முதல் வருஷாந்தர சோதனையில் ஃபெயில் போடுகிறார்கள் என்பதும் தெரியாது. நம் ஊரிலும் அது சட்ட விரோதம்தான், பிடிக்க ஆள் இல்லாததால் நடக்கிறது.

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு ஒழுகினசேரிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். கூரை தகரம், காப்பி கிடையாது. ஆனால் ஸ்கேனர் இருந்தது. மாட்டிப் பார்த்தார். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தார். எவ்வளவுக்கு டீசல் அடிப்பீர்கள் என்று கேட்டார். "ஐந்நூறு ரூவாய்க்கு" என்றார் அத்தான். டாங்க்கில் டீசல் அடிமட்டத்தில் இருந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் கரி எரிக்கும் வேலையை ஆரம்பிக்கவே செய்யாதாம். நடு வழியில் வண்டி நின்றுவிடக் கூடாதே என்ற கரிசனம். ஐந்நூறு ஐந்நூறாய் அடித்து, அத்தான் மாசத்தில் பாதி நாளை ரிசர்வ் விளக்கோடு கழித்திருக்கிறார்.

"சாரே, இது வண்டிக்கு வந்த சீக்கு இல்ல. ஓட்டத்துக்கு வந்த சீக்கு" என்றார் அண்ணாச்சி. "விளக்கு மஞ்சளா நின்னு எரியுது, வண்டி இழுக்குது. அடைப்பு இன்னும் முத்தல. ஆயிலை மாத்தித் தாறேன். இந்த ஃபில்டருக்குன்னே சாம்பல் குறைஞ்ச ஆயில் இருக்கு, அதைத்தான் ஊத்தணும். டாங்க்கை நெறைச்சுக்கிட்டு ஆரல்வாய்மொழி தாண்டிப் போயிட்டு வாங்க. அறுபதுக்குக் குறையாம, நிக்காம. விளக்கு மினுங்கினாலோ, எஞ்சின் விளக்கும் சேந்து எரிஞ்சாலோ மட்டும் போகப்படாது. நேரா இங்க கொண்டாந்திரணும்."

ஆக, ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு, ஒரு காரைக் காற்று வாங்க அழைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம்.

தோவாளை வரைக்கும் ஒன்றும் விசேஷமில்லை. பூச்சந்தை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் பிச்சிப்பூ வாசம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பெரும்பாலான ஜனங்கள் கோவிலுக்குப் போகிற முகத்தோடு இருந்தார்கள். அத்தானும் வேண்டிக்கொண்டுதான் ஓட்டினார்.

தோவாளைக்கு அப்புறம் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். நடுவில் ஒரு வாசல். அதுதான் ஆரல்வாய்மொழி. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் கிழக்கு வாசல். இங்கே கோட்டை மதில் கட்டிக் காவல் வைத்திருந்தார்கள். வேலுத்தம்பி தளவாய் கலகம் செய்த 1809-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்த மதிலைத் தாண்டித்தான் உள்ளே புகுந்தது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு வாசலுக்குக் காவல் தேவைப்படவில்லை. காற்று மட்டும் இன்னும் அனுமதி கேட்காமல் நுழைகிறது.

ஆடிக் காற்று என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் முப்பந்தலில் காரை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் வேட்டி உங்களுடையது இல்லை! தென்மேற்குப் பருவக் காற்று மலை இடுக்கில் புகுந்து கிழக்கே பீறிட்டு அடிக்கிறது. அதை நம்பித்தான் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைக் கூட்டங்களில் ஒன்று இங்கே நிற்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மூன்று கை ராட்சசர்கள். சில ஆடுகிறார்கள், சிலர் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். நம் ஆபீஸ் மாதிரியே.

காவல்கிணறு வந்ததும் நான்கு வழிச் சாலை. கன்னியாகுமரியில் கிளம்பி ஸ்ரீநகர் வரை போகிற 44-ஆம் நெடுஞ்சாலை. அத்தான் ஐந்தாவது கியருக்குப் போனார். வண்டி வாங்கியதிலிருந்து அந்தக் கியரைச் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது, போடும்போது கை கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்து நாலாவதுக்கு இறக்கினார். சுற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சூடு சீக்கிரம் ஏறும். வேகம் எண்பது. இடது பக்கம் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிப்போட்டு நின்ற இடத்திலேயே எரித்துப் பார்க்கிறது. நம் வண்டிக்கு அந்த வசதி ஒர்க் ஷாப்பில்தான் உண்டு. ரோட்டில் ஓடித்தான் சூடாக வேண்டும்.

பணகுடி போயிற்று. வள்ளியூர் போயிற்று. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. நாகர்கோவில் - திருநெல்வேலி எண்ட் டு எண்ட் பஸ் ஒன்று எங்களைக் காற்றாய்த் தாண்டிப் போனது. அதுவும் டீசல்தான். காலையில் கிளப்பினால் ராத்திரி வரை எஞ்சின் ஆறுவதே இல்லை. அதற்கு என்ன கவலை!

நாங்குநேரி சுங்கச்சாவடி வந்ததும் அத்தான் வண்டியைத் திருப்பினார். ஐம்பது கிலோமீட்டர் வந்திருப்போம். "ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்" என்றார் தனக்குத்தானே. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

திரும்பும்போது காற்று எதிரே. வள்ளியூருக்குத் தெற்கே வெட்ட வெளி. அங்கே வண்டியைப் பிடித்து யாரோ பின்னுக்குத் தள்ளுவது போல இருந்தது. அதே எண்பதுக்கு ஆக்ஸிலேட்டரை இன்னும் அமுக்க வேண்டியிருந்தது. போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட காற்று, வண்டிக்கு வேலையே கொடுக்கவில்லை. வேலை இல்லாத எஞ்சினுக்குச் சூடு எங்கிருந்து வரும்? இப்போதுதான் அது நிஜமாகவே உழைத்தது. ஒரு கருகல் வாடை லேசாக வந்தது. பணகுடி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். விளக்கு அணைந்தது.

அத்தான் நம்பவில்லை. மீட்டரின் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார். "பல்பு ஃபியூஸ் போயிருக்குமோ மாப்ள?"

"இல்ல அத்தான், கரி போயிட்டு."

அவர் ஒன்றும் பேசாமல் ஆரல்வாய்மொழி வரை ஓட்டினார். அங்கே ஒரு கடையில் நிறுத்தி (எஞ்சினை இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, பிறகே அணைத்தார், டர்போ சூடு தணியட்டுமாம்) நாலு ரசவடை சாப்பிட்டார். முந்தின ராத்திரிகளின் பாக்கி.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். ஆவியாகத்தான். நன்றாகச் சூடான வண்டியில் அது அப்படியே வெளியே போய்விடும். ஏழு நிமிஷ ஓட்டத்தில் சைலன்ஸருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும், துருவாகும். எங்கள் மாவட்டத்துக்கு மழை வருஷத்துக்கு இரண்டு பருவம், கடற்காற்று பன்னிரண்டு மாசம். வெளியே இருந்து அரிப்பதற்கே ஆள் அதிகம், உள்ளே இருந்து வேறு வேண்டாம். பாட்டரி கதையும் அதேதான். டீசலைக் கிளப்ப இழுக்கிற கரண்ட் அதிகம், ஏழு நிமிஷத்தில் திரும்பி ஏறுவது கொஞ்சம்.

அத்தான் காரை விற்கவில்லை. விற்றால் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். பள்ளிக்கூடம், ஆபீஸ், சந்தை எல்லாம் அதில். நாகராஜா கோவிலுக்கு நடை. டாங்க் எப்போதும் பாதிக்கு மேல். கார் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்குநேரி வரை போய்த் திரும்புகிறது. ஒரு தடவைக்கு ஐந்தாறு லிட்டர் டீசல். அதை வீட்டுக் கணக்கு நோட்டில் 'மருந்து' என்ற தலைப்பில் எழுதுகிறார். மூத்தவள் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள்.

இப்போது புதுப் பிரச்னை. கார் சும்மாதானே போய் வருகிறது என்ற செய்தி சொந்தபந்தத்தில் பரவிவிட்டது. ஒருத்தருக்கு வள்ளியூர் முருகன் கோவில், ஒருத்தருக்கு பணகுடியில் பெண் பார்க்க வேண்டும், அக்காவின் நாத்தனாருக்குக் கருப்பட்டி. அண்ணாச்சி நிக்காமல் போகச் சொன்ன வண்டி ஏழு இடத்தில் நிற்கிறது. போன தடவை எனக்கு இடமே இல்லை. எண்ட் டு எண்ட் பஸ்ஸில் போனேன்.